குத்துச்சண்டை வீரரிடம் மாற்று வழி உண்டா என்று எடைபோடுவது எப்படி

தொழில்முறைக் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘இவர் எல்லா வித்தையும் தெரிந்தவர்’ என்றும் ‘அவருக்கு அந்த ஒரு குத்தை விட்டால் வேறொன்றும் தெரியாது’ என்றும் ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிடுவது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் நாக் அவுட் தொகுப்புக் காணொளிகளைப் பார்த்து உருவானதாக இருக்கும். அத்தகைய தொகுப்பில் எல்லாருமே ஒற்றைப் பாணிக்காரர்களாகத்தான் தெரிவார்கள். ஏனென்றால் அவர்கள் நினைத்தது நடந்த கணங்கள் மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. ஒருவரிடம் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது நினைத்தது நடக்காமல் போகும்போதுதான் வெளியே வரும். முதல் வழி அடைபட்ட பிறகு வரும் ஓரிரு சுற்றுகளில் வீரர் என்ன செய்கிறார் என்று கவனிக்கப் பழகினால், அவரைப் பற்றிய மதிப்பீட்டில் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு மிகச் சிறந்த பாடம் 1980-இல் ஐந்து மாத இடைவெளியில் நடந்த இரண்டு சண்டைகள். ஜூன் 20 அன்று மொன்ட்ரியாலில் சுகர் ரே லெனார்டும் ரொபெர்த்தோ துரானும் மோதினார்கள். லெனார்டின் பலம் கால்கள், ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக வைக்கும் விரைவுக் குத்து), கை வேகம். ஆனால் அன்றைக்கு அவர் தன் ஆண்மையை நிரூபிக்க வந்தவரைப்போல் நின்ற இடத்தில் நின்று, துரான் ஆசைப்படும் நெருக்கத்திலேயே 15 சுற்றுகளும் அடித்துக்கொண்டார், புள்ளிகளில் தோற்றார். நவம்பர் 25 அன்று நியூ ஓர்லியன்சில் அதே இருவர் மீண்டும் மேடையேறியபோது, லெனார்ட் சுற்றிச் சுற்றி நகர்ந்தார், துரான் நெருங்கும்போது பக்கவாட்டில் விலகினார், கயிற்றோரம் போனாலும் அங்கே தங்கவில்லை. 7-ஆம் சுற்றில் வலக்கையை வட்டமாகச் சுழற்றிப் போக்குக் காட்டிவிட்டு, எதிர்பாராத இடக்கையால் துரானின் முகத்தில் ஒரு ஜாப் வைத்தார். 8-ஆம் சுற்றில் துரான் கையை உதறிவிட்டு, சண்டையைத் தொடர மறுத்து வெளியேறினார்.

இந்த இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் சண்டையிலும் லெனார்டுக்கு நகரத் தெரிந்திருந்தது, தெரிந்தும் செய்யவில்லை. எனவே ஒரு வீரருக்கு என்னென்ன தெரியும் என்பதையும், அதில் எதைத் தேவைப்படும் நேரத்தில் அவர் எடுக்கிறார் என்பதையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். துரானைப் பொறுத்தவரை, அவர் வெறும் முரட்டு அடிகாரர் என்று சொல்வது பெரும் பிழை. நெருக்கத்தில் தலையை நகர்த்துவதிலும் எதிராளியின் கையைச் சிக்கவைப்பதிலும் அவரைப்போல் நுட்பமானவர்கள் குறைவு. ஆனால் அந்த நுட்பம் முழுவதும் எதிராளி அருகில் இருந்தால்தான் பயன்படும். அன்று எதிராளி அருகில் இருக்கவில்லை.

எதைக் குறித்துவைக்க வேண்டும்

நான் சண்டை பார்க்கும்போது மடியில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொள்வது வழக்கம். குத்துகளை எண்ணுவதில்லை, அதற்கு இயந்திரங்களும் ஆட்களும் இருக்கிறார்கள். நான் எழுதுவது தூரம், திசை, கை, வேகம் என்ற நான்கு மட்டுமே. தூரம் என்றால், குத்துப் பரிமாற்றம் தொடங்கும்போதும் முடியும்போதும் இருவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி: ஜாப் மட்டும் எட்டும் தொலைவா, இரு கைகளும் எட்டும் தொலைவா, நெற்றி தோளில் முட்டும் நெருக்கமா? திசை என்றால் யார் முன்னே வருகிறார், யார் பின்வாங்குகிறார், பக்கவாட்டில் எந்தப் பக்கம் போகிறார். கை என்றால் சேதம் எந்தக் கையிலிருந்து வருகிறது, தலைக்கா உடலுக்கா என்பது. வேகம் என்றால் ஒரு சுற்றின் மூன்று நிமிடமும் ஒரே தாளத்தில் போகிறதா, நடுவில் மாறுகிறதா என்பது.

இவற்றுள் தூரத்துக்கே முதலிடம். பலவிதமான குத்துகளை வைத்திருப்பவர் என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேர், கூர்ந்து பார்த்தால், ஒரே தூரத்தில் மட்டுமே அத்தனை குத்துகளையும் வீசுபவர்களாக இருப்பார்கள். அந்தத் தூரத்தை எதிராளி எடுத்துக்கொண்டால் சரக்கு முழுவதும் பெட்டியிலேயே கிடக்கும்.

இதைப் பார்ப்பதற்குக் கையுறையை விட்டுவிட்டுக் காலைப் பார்க்க வேண்டும். முதலில் இது சலிப்பாக இருக்கும். அடி விழும் நொடியில் கண் தானாக மேலே போய்விடும். ஒரு சண்டையை இரண்டாம் முறை, முடிவு தெரிந்த பிறகு, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் பார்த்துப் பழகுங்கள். வர்ணனையாளரின் குரல் ஒரு கதையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு அதற்குள் சண்டையைத் திணித்துக்கொண்டிருக்கும். அது இல்லாதபோது நமக்குத் தெரிவது வேறு சண்டையாக இருப்பதுண்டு.

சண்டைக்கு முன் எந்தப் பழைய சண்டைகளைப் பார்ப்பது

வரவிருக்கும் ஒரு போட்டிக்காக ஒரு வீரரை ஆராய்வதாக இருந்தால், அவருடைய வேகமான வெற்றிகளை ஒதுக்கிவிடுங்கள். தோற்ற சண்டை, கீழே விழுந்து எழுந்த சண்டை, புள்ளிகளில் நெருக்கமாக முடிந்த சண்டை, அதே எதிராளியுடன் நடந்த மறுபோட்டி ஆகிய நான்கில் எது கிடைத்தாலும் அதைப் பாருங்கள். நான்கில் எதுவுமே இல்லாத வீரரைப் பற்றி நமக்கு உண்மையில் எதுவும் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் ஃபோர்மன் 1974 அக்டோபரில் முகமது அலியுடன் மோதக் கின்ஷாசாவுக்குப் போனபோது 40 சண்டைகளில் 40 வெற்றி, அவற்றில் 37 நாக் அவுட். ஜோ ஃப்ரேசியரையும் கென் நார்ட்டனையும் ஆளுக்கு இரண்டே சுற்றில் முடித்திருந்தார். ஆனால் பலமான எதிராளி ஒருவர் அடியைத் தாங்கிக்கொண்டு 6, 7-ஆம் சுற்றுகளிலும் எதிரே நின்றால் அவர் என்ன செய்வார் என்பதற்கு அந்தச் சாதனைப் பட்டியலில் விடை இல்லை. அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டு அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். ஃபோர்மன் மேலும் அகலமாகவும் மேலும் பலமாகவும் வீசினார். வேகத்தைக் குறைக்கவில்லை, ஜாபுக்குத் திரும்பவில்லை, மேடை நடுவுக்கு வந்து நின்று அலியை வெளியே வரவைக்கவும் இல்லை. 8-ஆம் சுற்றில் களைத்துப்போய் விழுந்தார்.

அதே ஃபோர்மன் 1987-இல் ஓய்விலிருந்து திரும்பி வந்து, 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரை 10-ஆம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை மீண்டும் பெற்றார். அந்தச் சண்டையை 1974-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால், வலிமை அதே இடத்தில் இருக்க, அதைச் சுற்றி இருந்த எல்லாமே மாறியிருப்பது தெரியும். கைகளைக் குறுக்காக வைத்துத் தடுக்கிறார், நிதானமாக நடக்கிறார், சுற்றுகளை இழந்துகொண்டே ஜாபை மட்டும் விடாமல் வைக்கிறார், கடைசியில் ஒரு குட்டையான வலக்கைக் குத்தில் முடிக்கிறார். ஒற்றைப் பாணி என்பது பிறவிக் குணம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சண்டையைத்தான்.

ஒரே ஆயுதமா, ஒரே பாதையா

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஒரே ஒரு ஆயுதத்தை நம்பியிருப்பதும், அந்த ஆயுதத்தைக் கொண்டுசேர்க்க ஒரே ஒரு பாதையை நம்பியிருப்பதும் வெவ்வேறு குறைகள். முதலாவதை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெல்லலாம். இரண்டாவதைத்தான் நல்ல பயிற்சியாளர் கண்டுபிடித்து உடைப்பார்.

ஜோ ஃப்ரேசியரின் இடக்கை ஹூக்கை, அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டிலிருந்து வைக்கும் குத்தை, எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் அடிபட்டுச் சரியாக நிமிராமல் போன கை அது. ஹூக்குக்கென்றே வளைத்து வைத்ததுபோல் அமைந்துவிட்டது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்குவேர் கார்டனில் 15-ஆம் சுற்றில் அலியைத் தரையில் கிடத்தியது அதே கைதான். ஒரே ஆயுதம் என்றாலும் அலியின் ஜாப் அதைத் தடுக்க முடியவில்லை. ஏனென்றால் ஃப்ரேசியர் குனிந்து, அசைந்து, ஜாபுக்குக் கீழே புகுந்து, உடலில் தொடங்கித் தலைக்கு ஏறினார். ஆனால் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் வேறொன்றைக் கவனித்திருந்தார். ஃப்ரேசியர் உள்ளே வரும்போது தலை ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே தாளத்தில் வருகிறது. ஃபோர்மன் இரு கைகளாலும் அவரைத் தள்ளி நிறுத்தி, அவர் மறுபடியும் குனிந்து வரும் வழியில், கீழிருந்து மேலே ஏறும் குத்தான அப்பர்கட்டை வைத்தார். இரண்டு சுற்றுகளில் ஆறு முறை ஃப்ரேசியர் தரையைத் தொட்டார். ஆயுதத்தில் குறையில்லை, பாதைதான் ஒன்றாக இருந்தது.

டியான்டே வைல்டரின் வலக்கை நம் காலத்து எடுத்துக்காட்டு. தோல்வியே காணாமல் 40 வெற்றிகள், அவற்றில் 39 நாக் அவுட் என்ற கணக்குடன் அவர் 2018 டிசம்பரில் டைசன் ஃபியூரியை முதன்முதலாகச் சந்தித்தார். அந்தச் சண்டை சமனில் முடிந்தது. 9-ஆம் சுற்றிலும் 12-ஆம் சுற்றிலும் ஃபியூரி விழுந்து எழுந்தார். 2019 நவம்பரில் லூயிஸ் ஓர்ட்டிஸுடன் நடந்த இரண்டாவது சண்டையில் மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்த வைல்டர், 7-ஆம் சுற்றில் ஒரே வலக்கையால் கணக்கை முடித்தார். இப்படிப்பட்டவரைக் குறையுள்ளவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். அந்தக் கையை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாதுதான். காலைப் பார்த்தால் சொல்லலாம். அந்த வலக்கை முழு வலிமையுடன் போக வேண்டுமானால் முன்னால் கை நீளத்துக்கு இடம் வேண்டும், பின்காலில் ஊன்றி முன்னே பாய வேண்டும், எதிராளி பின்வாங்கிக்கொண்டோ நின்றுகொண்டோ இருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 22 அன்று லாஸ் வேகஸில் ஃபியூரி இந்த மூன்றையும் ஒருசேரப் பறித்தார். முதல் சண்டையில் நகர்ந்து நகர்ந்து ஆடியவர், பயிற்சியாளரை மாற்றிக்கொண்டு, 273 பவுண்டு எடையுடன் வந்து, முதல் மணியிலிருந்தே முன்னே நடந்தார். பின்காலில் சாய்ந்துகொண்டே பின்வாங்கும் வைல்டரின் வலக்கைக்குப் பாதி வலிமைதான் இருந்தது. 3-ஆம் சுற்றிலும் 5-ஆம் சுற்றிலும் விழுந்தார், 7-ஆம் சுற்றில் அவருடைய பயிற்சிக் குழு இருக்கும் மூலையிலிருந்து, சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டு பறந்தது.

ஆகவே எந்த வீரரின் விருப்பக் குத்தைக் குறிக்கும்போதும், அதன் பக்கத்தில் அந்தக் குத்துக்கு என்னென்ன தேவை என்றும் எழுதுங்கள்: எவ்வளவு இடம், எந்தக் காலில் எடை, எதிராளி எந்தத் திசையில் நகர வேண்டும். தேவைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனால் அவர் எளிதில் அடைபடுவார். அதே குத்தை முன்னே வரும்போதும் பின்னே போகும்போதும், நெருக்கத்திலும் தொலைவிலும் வைக்கத் தெரிந்திருந்தால், ஒற்றை ஆயுதக்காரர் என்ற பழியை அவர்மேல் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

குறுகிய பாணியும் ஆளும்

விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை ஹெவிவெயிட்டில் பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். நீளமான ஜாப், அதன் பின்னால் வலக்கை, எதிராளி உள்ளே வந்தால் கட்டிப்பிடித்து எடையைச் சாய்ப்பது, ஏறக்குறைய இவ்வளவுதான். பார்ப்பதற்குச் சலிப்பாக இருந்தது என்று நானும் அன்று புலம்பியவன்தான். ஆனால் உயரமும் ஜாபும் அவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, இரண்டாவது வழியைத் தேடவேண்டிய கட்டாயமே பெரும்பாலான எதிராளிகளால் அவருக்கு ஏற்படவில்லை. 2015 நவம்பரில் ட்யூசல்டோர்ஃபில் தன்னைவிட உயரமான, ஓயாமல் போக்குக் காட்டிக்கொண்டும் நிலையை மாற்றிக்கொண்டும் இருந்த ஃபியூரி எதிரே வந்தபோது, வலக்கையை விடுவதற்கே கிளிட்ச்கோ தயங்கித் தயங்கி 12 சுற்றுகளைக் கழித்து, பட்டத்தையும் இழந்தார். ஒன்பது ஆண்டு ஆட்சிக்குப் பிறகு வந்த ஒரு தோல்வியை வைத்து அந்தப் பாணி தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறுகிய பாணி எவ்வளவு தூரம் போகும் என்பது அந்தப் பாணியின் தரத்தையும், எடைப்பிரிவில் அதற்கு மாற்று வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது.

போலிப் பன்முகத்திறன்

நிலையை மாற்றுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். இடக்காலை முன்வைத்து நிற்பவர் திடீரென்று வலக்காலை முன்வைத்துச் சவுத்பாவாக மாறினால் வர்ணனையாளர்கள் மெய்சிலிர்ப்பார்கள். மாறியதால் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். 2014 ஜூனில் ஓமஹாவில் டெரன்ஸ் கிராஃபோர்ட், யுரியோர்கிஸ் கம்போவாவின் வேகத்துக்கு முன் தொடக்கச் சுற்றுகளில் திணறினார். சவுத்பாவாக மாறிய பிறகு சண்டை அப்படியே திரும்பியது. கம்போவா நான்கு முறை விழ, 9-ஆம் சுற்றில் முடிந்தது. அங்கே மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது, விளைவும் இருந்தது. பின்னாளில் அவர் மூன்று எடைப்பிரிவுகளில் எல்லாப் பட்டங்களையும் ஒருங்கே வென்றவர் ஆனதற்கு இந்தப் பழக்கமே அடித்தளம் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறானது மார்வின் ஹாக்லர் 1987 ஏப்ரல் 6 அன்று செய்தது. இரண்டு நிலைகளிலும் ஆடக்கூடிய, அடிப்படையில் சவுத்பாவான ஹாக்லர், நீண்ட ஓய்வுக்குப் பின் வந்த லெனார்டுக்கு எதிராக முதல் இரண்டு சுற்றுகளை இடக்காலை முன்வைக்கும் நிலையில் தொடங்கினார். கேட்கப்படாத கேள்விக்கு விடை சொன்னதுபோல் இருந்தது அது. அவர் தன் இயல்பான நிலைக்குத் திரும்புவதற்குள் சுற்றுகள் போய்விட்டன. 12 சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் இருவர் லெனார்டுக்கும் ஒருவர் ஹாக்லருக்கும் வெற்றியைத் தர, பட்டம் கைமாறியது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை; ஆனால் அந்த முதல் இரண்டு சுற்றுகளைப் பற்றி இரண்டு கருத்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வகைப் போலியைக் கண்டுபிடிப்பது கடினம். ராய் ஜோன்ஸ் ஜூனியரின் உச்சக் காலத்துச் சண்டைகளைப் பார்த்தால், இவரைவிடப் பல வழிகள் தெரிந்தவர் யாரும் இல்லை என்றுதான் தோன்றும். கைகளைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார், எங்கிருந்தோ பாய்ந்து இடக்கை ஹூக்கை வைப்பார், வலக்கையால் தொடங்குவார், கயிற்றில் சாய்ந்துகொண்டே அடிப்பார். ஆனால் அத்தனை கிளைகளுக்கும் வேர் ஒன்றுதான்: எதிராளியின் தோள் அசைவதற்குள் விலகிவிடும் அனிச்சை வேகம். 2004 மே மாதம் அன்டோனியோ டார்வரின் இடக்கை 2-ஆம் சுற்றில் அவரைச் சாய்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கிளென் ஜான்சன் 9-ஆம் சுற்றில் சாய்த்தார். வேகம் சற்றுக் குறைந்ததும், தாழ்ந்த கைகளுக்கும் பின்னால் சாயும் தலைக்கும் துணையாக வேறு தற்காப்பு இருக்கவில்லை. எனவே 30 வயதைத் தாண்டிய எந்த வீரரைப் பார்க்கும்போதும், ‘இவருடைய வேகத்தில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

களைப்பையும் திட்டமாற்றத்தையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நகர்ந்து ஆடுபவர் 9-ஆம் சுற்றில் நின்று அடித்துக்கொள்ளத் தொடங்கினால், துணிந்து பாணியை மாற்றிவிட்டார் என்று கைதட்டுகிறோம். அடித்து முடித்ததும் அவர் கை கன்னத்துக்குத் திரும்புகிறதா, பரிமாற்றத்தைத் தொடங்குபவர் அவர்தானா, முடிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவரும் அவர்தானா என்று பாருங்கள். இந்த மூன்றும் ‘ஆம்’ என்றால் அது முடிவெடுத்த மாற்றம். கை இடுப்பளவில் தொங்கினால் கால் போய்விட்டது என்றே பொருள்.

சண்டை நடக்கும்போது

முதல் இரண்டு சுற்றுகளில் யார் வெல்கிறார் என்பதைவிட, ஒவ்வொருவரும் எதை நம்பி வந்திருக்கிறார் என்பதை எழுதுங்கள். அடுத்து வரும் சுற்றுகளில் யாருடைய நம்பிக்கை முதலில் பொய்க்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தைச் சுற்று எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சுற்றுகளுக்கு அந்த ஒருவரை மட்டும் பாருங்கள், எதிராளியை மறந்துவிடுங்கள். அவர் அதே செயலை இன்னும் பலமாகச் செய்கிறாரா, வேறொரு தூரத்துக்குப் போகிறாரா, தலையை விட்டுவிட்டு உடலுக்கு இறங்குகிறாரா, தாளத்தை மாற்றுகிறாரா? அதே செயலை இன்னும் பலமாகச் செய்வது எப்போதும் தவறல்ல என்றாலும், அதைத் தவிர வேறொன்றும் தென்படவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

2022 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த ஒலெக்சாண்டர் உசிக், ஆண்டனி ஜோஷுவா மறுபோட்டியில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். முதல் சண்டையில் தோற்ற ஜோஷுவா இம்முறை உடலைக் குறிவைத்து ஆடி, 9-ஆம் சுற்றில் உசிக்கை உண்மையிலேயே தடுமாற வைத்தார். 10-ஆம் சுற்றின் மணி அடித்ததும் உசிக் பின்வாங்கித் தப்பிக்கவில்லை. குத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஜோஷுவா மூச்சு வாங்கும் இடைவெளியைப் பறித்துக்கொண்டார். உசிக் அதுவரை வைத்திருந்த தாளம் வேறு, அந்தச் சுற்றின் தாளம் வேறு.

ஒரு நிமிட இடைவேளையை விளம்பரத்துக்கு ஒதுக்கிவிடாதீர்கள். மூலையில் பயிற்சியாளர் பேசுவது புரியாத மொழியாக இருந்தாலும் கவலையில்லை. அவர் கையைக் காட்டிக் குறிப்பாக எதையாவது விளக்குகிறாரா, ‘போ, அடி’ என்று உற்சாகம் மட்டும் ஊட்டுகிறாரா என்பது உடல்மொழியிலேயே தெரிந்துவிடும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனின் கண் வீங்கிக்கொண்டே போனபோது, வீக்கத்தை அமுக்கும் உலோகக் கருவிகூட இல்லாமல் ரப்பர் கையுறையில் குளிர்ந்த நீரை நிரப்பி ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தது அவருடைய மூலை. எதிராளி பஸ்டர் டக்ளஸின் ஜாபைத் தாண்டுவதற்கு அங்கிருந்து யோசனை வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தலையை அசைத்து அசைத்து உள்ளே நுழைவது, ஒரே மூச்சில் நான்கைந்து குத்துகளைக் கோப்பது என்று இளம் டைசன் எத்தனையோ வழிகளை வைத்திருந்தார். 1988-இல் பயிற்சியாளர் கெவின் ரூனியைப் பிரிந்த பிறகு அவை ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒரே அடியில் முடிக்கும் ஆசை மட்டும் எஞ்சியது. பன்முகத்திறன் பராமரிக்கப்படாவிட்டால் தேய்ந்துபோகும் என்பதால், ஒரு வீரரைப் பற்றிய நமது குறிப்பையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

தேய்வதைப்போலவே சேர்வதும் உண்டு. 2004 மே மாதம் மன்னி பாக்கியாவ் முதல் சுற்றிலேயே ஹுவான் மனுவேல் மார்க்கேஸை மூன்று முறை வீழ்த்தியும் சண்டை சமனில் முடிந்தது. அந்த இடக்கை எப்போது வரும் என்று மார்க்கேஸ் கணித்துவிட்ட பிறகு பாக்கியாவிடம் வேறு பெரிய ஆயுதம் இருக்கவில்லை. மறு ஆண்டு எரிக் மொராலெஸிடம் புள்ளிகளில் தோற்றார். அதன் பிறகு பயிற்சியாளர் ஃபிரெடி ரோச்சும் அவரும் வலக்கையை வளர்த்த கதையை 2009 மே மாதம் ரிக்கி ஹாட்டனுடன் நடந்த சண்டையில் பார்க்கலாம். இடக்கைக்காகவே காத்திருந்த ஹாட்டனை முதல் சுற்றில் முதலில் வீழ்த்தியது வலக்கை ஹூக். 2-ஆம் சுற்றின் இறுதியில், வலக்கைக்கும் பதில் தேடவேண்டிய நிலைக்கு ஹாட்டன் வந்துவிட்ட பிறகு, பழைய இடக்கை வந்து முடித்துவைத்தது. புதிய ஆயுதத்தின் பயன் பல நேரங்களில் பழைய ஆயுதத்தை மீண்டும் மறைத்துவைப்பதில்தான் இருக்கிறது.

முன்கணிப்பு

நானே சறுக்கிய இடம் இது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்திரை குத்திவிட்டு அதை நம்பிக் கணிக்காதீர்கள். மார்க்கோ அன்டோனியோ பரேராவை வந்து மோதும் முரடர் என்றே நானும் நினைத்திருந்தேன். 2001 ஏப்ரலில் லாஸ் வேகஸில், 35 சண்டைகளில் தோல்வியே காணாத நசீம் ஹமீதுக்கு எதிராக அவர் மோதவே இல்லை. ஹமீதின் இடக்கைக்கு எட்டாத பக்கமாகவே நகர்ந்துகொண்டு, ஜாபையும் எதிர்க்குத்தையும் வைத்து, 12 சுற்றுகளையும் பாடம் நடத்துவதுபோல் நடத்தி முடித்தார். கைகளைத் தொங்கவிட்டு எந்தக் கோணத்திலிருந்தும் அடிக்கும் ஹமீதுதான் விசித்திரங்களின் களஞ்சியம் என்று பெயர் பெற்றவர்; ஆனால் அந்த விசித்திரங்கள் யாவும் ஒரே பெரிய குத்துக்கு முன்னுரைகளாகவே இருந்தன. அந்தக் குத்து போய்ச் சேராதபோது அவரிடம் இரண்டாம் அத்தியாயம் இல்லை. பரேராவின் பழைய சண்டைகளைக் காலைப் பார்த்துப் பார்த்திருந்தால், நகரத் தெரியாதவரல்ல, நகர விரும்பாதவர் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பயிற்சிக்கு

இந்த முறையை ஒரே இரவில் பழகிப் பார்க்க விரும்பினால், 1981 செப்டம்பர் 16 அன்று லெனார்டும் டாமி ஹெர்ன்ஸும் மோதிய சண்டையை 5-ஆம் சுற்றிலிருந்து ஒலியில்லாமல் பாருங்கள். 32 வெற்றிகளில் 30 நாக் அவுட் வைத்திருந்த ஹெர்ன்ஸ் அடிக்க வந்தவர். லெனார்ட் ஆட வந்தவர். 6, 7-ஆம் சுற்றுகளில் லெனார்டின் இடக்கை ஹூக்குகள் ஹெர்ன்ஸைக் குலைக்கின்றன. அதன் பிறகு இருவரும் வேடம் மாற்றிக்கொள்கிறார்கள்: ஹெர்ன்ஸ் முன்பாதத்தில் நின்று நகர்ந்து, நீண்ட ஜாபால் சுற்றுகளை அள்ளுகிறார், லெனார்ட் கண் வீங்கிப்போய்ப் பின்னாலேயே துரத்துகிறார். யாருடைய மாற்றம் விரும்பிச் செய்தது, யாருடையது வேறு வழியின்றிச் செய்தது என்று ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு வரி எழுதுங்கள். 12-ஆம் சுற்று முடிந்ததும் காணொளியை நிறுத்திவிட்டு, லெனார்டின் மூலையில் இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் எழுதுங்கள். அவர் அப்போது மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருக்கிறார். மீதி மூன்று சுற்றுகள்தான். எழுதி முடித்த பிறகு 13-ஐயும் 14-ஐயும் ஓடவிட்டு, ஹெர்ன்ஸின் கால்களை மட்டும் பாருங்கள்.